மருதமரத்துக்குக் குடிவந்த குயில்

ஒரு காட்டில் வசந்தம் தானாக வராது. வந்தாலும் வந்ததாகக் கணக்கில்லை. அந்தக் காட்டின் பறவை பார்ப்போர் சங்கம் கூடி, அந்த வருஷத்து முதல் குயிலை அண்ணாந்து பார்த்து, "ஆமாம், குயில்தான்" என்று சொன்ன பிறகுதான் வசந்தம். அதற்கு முன்னால் மாமரம் பூத்தால் அது மாமரத்தின் சொந்தப் பொறுப்பு.

முன்பெல்லாம் இவ்வளவு கெடுபிடி கிடையாது. குயில் கூவினால் போதும், வசந்தம். ஒரு வருஷம் ஒரு கரிச்சான் குருவி, வேலையில்லாத நேரத்தில், தை மாதப் பனியிலேயே அச்சு அசலாகக் குயில் மாதிரி கூவிவிட்டது. அதை நம்பி ஒரு கரடி தன் சருகுப் படுக்கையைத் தூக்கி ஓடையில் எறிந்தது. பிறகு மாசி முடியும்வரை தும்மிக்கொண்டிருந்தது. அந்தக் கரடி அம்பலவாணர்தான் சங்கத்தின் தலைவர். அன்றிலிருந்து விதியை மாற்றினார்கள்: காதால் கேட்டது செல்லாது, கண்ணால் பார்த்ததுதான் செல்லும்.

பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. ஏரிக்கரைக்கு வந்த மனிதர்கள் விட்டுவிட்டுப் போனது. அவர்கள் தூரத்து மரத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருந்த பறவையை நாள் முழுக்கப் பார்த்தார்கள். காலடியில் வைத்த பையை யாரும் பார்க்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் தணிகாசலம் என்ற கீரி. விதி என்றால் வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். தொழில்நுட்ப ஆலோசகர் வேதவல்லி என்ற காட்டுப்பூனை. பூனையை எப்படிச் சேர்த்தீர்கள் என்று சில சிட்டுக்குருவிகள் கேட்டன.

"ஒரு பறவையை இமைக்காமல் நாள் முழுக்கப் பார்க்க உங்களில் யாராலாவது முடியுமா?" என்று கேட்டார் கீரி.

சிட்டுக்குருவிகளால் முடியாது. அதனால் பறந்துபோய்விட்டன.

இதில் சங்கடப்பட்டது ஒரு காக்கை. பெயர் மாசிலாமணி. அவனுக்கும் அவன் மனைவி பொன்னுத்தாய்க்கும் வீடு, ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த ஒரு பூவரச மரம். அது படிக்கட்டு மாதிரி சாய்ந்திருந்தது. போன வருஷம் கூட்டில் குஞ்சுகள் இருந்தபோது தொழில்நுட்ப ஆலோசகர் அந்தப் படிக்கட்டில் நடந்து வந்து, ஆராய்ச்சி செய்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு இறங்கிப்போனார். பொன்னுத்தாய்க்கு அதன் பிறகு அந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தாலே உடம்பு நடுங்கும்.

பக்கத்திலேயே ஒரு மருதமரம் இருந்தது. வானத்தைத் தொடுகிற மரம். அடிமரம் வழுவழுவென்று இருக்கும். பூனை ஏறினால் நகம்தான் வழுக்கும். ஆனால் அந்த மரம் முதல் குயிலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. வசந்தத்தைக் கொண்டுவந்ததற்குச் சங்கம் தருகிற மரியாதை. ஒவ்வொரு வருஷமும் அதை வாங்கியவர் கானமூர்த்தி என்ற குயில். வேறு யாரும் அதில் கூடு கட்டக்கூடாது. குயிலுக்கோ கூடு கட்டும் வழக்கமே கிடையாது. ஆக, அந்தக் காட்டிலேயே நல்ல வீடு, வீடே தேவைப்படாத ஒருவர் பெயரில் வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. கானமூர்த்தி பிறந்தது மாசிலாமணியின் கூட்டில்தான். யாரோ போட்டுவிட்டுப் போன முட்டை. மாசிலாமணிதான் புழுவும் சோறும் தேடிக் கொண்டுவந்து ஊட்டினான். தன் பிள்ளைகளை விட இவனுக்குத்தான் வாய் பெரிது. இன்றைக்கு எதிரே பார்த்தால் கானமூர்த்தி கழுத்தைச் சாய்த்துச் சொல்வார்: "தங்களை எங்கேயோ பார்த்த ஞாபகம். கச்சேரிக்கு வந்திருந்தீர்களோ?"

மாசிலாமணி இதை மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று அவன் முயற்சி செய்ததும் இல்லை.

அந்த வருஷம் பனி விலகியது. கலியாண முருங்கை சிவப்பாகப் பூத்தது. புங்கமரம் பழைய இலையை உதறிவிட்டுப் பளபளவென்று தளிர் விட்டது. ஆனால் கானமூர்த்தியைக் காணோம். பக்கத்துக் காட்டில் கச்சேரி, அங்கே தங்கிவிட்டார். நான் எப்போது போகிறேனோ அப்போதுதானே வசந்தம் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

பொன்னுத்தாய்க்கு நிம்மதி இல்லை.

"முட்டை இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு இருக்கு. எங்கே போடச் சொல்றீங்க? உங்க தலையிலயா?"

"பூவரசுலதான் போடணும். வேற எங்கே?"

"அதுக்கு நேரா அந்தப் பூனை வாயிலயே போட்டுடறேன். அவளுக்கும் ஏறி இறங்குற சிரமம் மிச்சம்."

மாசிலாமணிக்கு மனசு ஆறவில்லை. விடிந்ததும் பறந்துபோய் மருதமரத்தில் உட்கார்ந்தான். மரம் முழுக்கப் புதுத்தளிர். ஒவ்வொரு கவட்டையையும் பார்த்தான். இது கூட்டுக்கு, இது காற்று வாங்க, இது மாமனார் வந்தால் உட்கார. எல்லாம் வீணாகக் கிடக்கிறதே என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தளிருக்குள் உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துச் சங்கம் கீழே வந்து சேர்ந்தது. முதல் குயிலைப் பார்க்க அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பைனாகுலர் ஒன்றுதான் என்பதால் எல்லோரும் வரிசையில் நின்று, முறை வந்ததும் பார்த்து, "கண்டேன்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். வரிசையில் முதலில் நின்றது ஆமை. அதனால் வரிசை அசையவே இல்லை.

"ஐயா, கொஞ்சம் சீக்கிரம்," என்றது பின்னால் நின்ற முயல்.

"உனக்கு எப்பவுமே அவசரம்," என்றது ஆமை. "போன தடவை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?"

முயல் ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

தலைவர் கரடி, தலைவர் என்ற முறையில் வரிசையை விலக்கிவிட்டு வந்து பைனாகுலரை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக் கண்ணில் வைத்தார். மருதமரம் எங்கோ அடுத்த ஜில்லாவில் தெரிந்தது. அதில் கடுகு மாதிரி ஒரு கறுப்பு.

"கறுப்பா ஏதோ இருக்கு," என்றார் கரடி.

"மருதமரத்தில்?" என்றார் கீரி.

"மருதமரத்தில்."

"தளிருக்குள் மறைந்தா?"

"மறைஞ்சு."

கீரியின் வால் நிமிர்ந்தது. "மருதமரத்தில் குயிலைத் தவிர யாருக்கும் உட்கார அனுமதி இல்லை. ஆகவே அது குயில்."

"குயில்! குயில்!" என்று காடே குதித்தது. முள்ளம்பன்றி சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற நரியைக் கட்டிப் பிடித்தது. நரி அலறியதையும் கொண்டாட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு குரங்கு, யாரோ தொலைத்த போனில் படம் எடுத்தது. படத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. "தத்ரூபம்!" என்றார்கள் எல்லோரும்.

மாசிலாமணி கிளையில் எழுந்து நின்றான். மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "ஐயா, நான் கா..."

"வாயை மூடுங்க!" பொன்னுத்தாய் எங்கிருந்தோ வந்து அவன் காதைக் கொத்தினாள். "இப்ப உங்ககிட்ட யாராவது யாருன்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க? பேசாம குயிலா உக்காருங்க."

கீழே அந்தக் "கா" கேட்டுவிட்டது.

"இந்த வருஷம் குரலில் ஒரு கரகரப்பு," என்றது நரி.

"அனுபவம்," என்றது மான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெறும் இனிப்பு எத்தனை நாளைக்கு?"

அன்றைக்கே வசந்தம் அறிவிக்கப்பட்டது. மாமரம் பூத்தது இப்போதுதான் சட்டப்படி செல்லுபடியாயிற்று. மருதமரம் மாசிலாமணிக்கு ஒதுக்கப்பட்டது. அவன் கிளைக்குக் கிளை தாவினான். பொன்னுத்தாய் வாலை ஆட்டி ஆட்டி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

மறுநாளே கானமூர்த்தி மனைவியோடு திரும்பி வந்தார். தன் மரத்தில் ஒரு காக்கை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நேராகச் சங்கத்துக்குப் போய் முறையிட்டார். சங்கம் மருதமரத்தடியில் கூடியது. ஒரு கிளையில் மாசிலாமணி. அடுத்த கிளையில் கானமூர்த்தி. இரண்டும் கறுப்பு.

கரடி பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இப்ப ரெண்டு கடுகு இருக்கு," என்றார்.

"இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்றார் கானமூர்த்தி. "அவரை ஒரு தடவை கூவச் சொல்லுங்கள். நானும் கூவுகிறேன். ரசிகர்களுக்குத் தெரியாதா?"

மாசிலாமணி கிளையிலேயே பின்வாங்கினான். போச்சு, மரம் போச்சு என்று பொன்னுத்தாயைப் பார்த்தான். பொன்னுத்தாயே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது கீரி எழுந்தார். "கூவுவதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. காதால் கேட்டது செல்லாது."

"நான் குயில் ஐயா! கூவாமல் எப்படி நிரூபிப்பது?"

"அது உங்கள் கஷ்டம். விதி விதிதான். பார்வைக்கு ஏதாவது அடையாளம் இருந்தால் சொல்லுங்கள்."

"என் கண்ணைப் பாருங்கள். செக்கச்செவேல் என்று இல்லை? குயிலுக்குத்தான் சிவந்த கண்."

பொன்னுத்தாய் கண்ணைத் திறந்தாள். "குடிச்சிட்டு வந்திருக்கான்யா! காலங்காத்தால! புளிச்ச இலுப்பைப்பூ கிடக்கிற தோப்புப் பக்கம் சுத்தினவன்தானே?"

கூட்டம் 'த்சொ' கொட்டியது. கானமூர்த்தியின் கண் இன்னும் சிவந்தது.

"உங்கள் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஓர் அம்மா இருக்கிறாரே, அவர் யார்?" என்று கேட்டார் கீரி.

"என் மனைவி. பெண்குயில் அப்படித்தான் இருக்கும்."

"அது காடை," என்றது இன்னும் வரிசையிலேயே நின்ற ஆமை.

"காக்கைக்கும் காடைக்கும் கல்யாணமா?" என்று மான் வாயைப் பொத்திக்கொண்டது. "காலம் எங்கேயோ போயிடுச்சு."

கடைசியில் தொழில்நுட்ப ஆலோசகரைக் கேட்டார்கள். வேதவல்லி மெதுவாக எழுந்து, சோம்பல் முறித்து, இரண்டு பேரையும் இமைக்காமல் பார்த்தாள். காக்கை எது, குயில் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பைனாகுலரே தேவையில்லை. மூக்கு போதும்.

மாசிலாமணி கதை முடிந்தது என்று நினைத்தான். இந்தப் பூனை எந்தக் காலத்தில் அவனுக்கு நல்லது செய்தது?

ஆனால் வேதவல்லியின் யோசனை வேறு. தோற்றவர் சாய்ந்த பூவரசுக்குப் போவார். காக்கை கசக்கும். குயில் பழம் தின்று வளர்ந்த உடம்பு. "நான் எத்தனையோ குயில்களைத் தின்... பார்த்திருக்கிறேன்," என்றாள். "அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இடதுபக்கம் இருக்கிறாரே, கண் சிவந்தவர், அவர்தான் காக்கை. இன்றைக்கே பூவரசுக்கு அனுப்பிவையுங்கள். கொஞ்சம் பத்திரமாக. அடிபடாமல்."

தீர்ப்பு ஆகிவிட்டது. கானமூர்த்தி அழுதுகொண்டே பூவரசுக்குப் போனார். மாசிலாமணி மருதமரத்தில் இறக்கையை விரித்து ஒரு ஆட்டம் ஆடினான். நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் நல்ல ஆட்டம் என்று சொல்கிறார்கள்.

மறுநாள் மாசிலாமணி அலகு நிறையக் குச்சிகளை எடுத்துக்கொண்டு வந்தான். மரத்தடியில் கீரி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அது?"

"கூடு கட்டப் போறேன், ஐயா."

"குயில் கூடு கட்டுமா?"

மாசிலாமணியின் அலகிலிருந்து குச்சிகள் விழுந்தன.

"குயில் கூடு கட்டியதாக இந்தக் காட்டில் முன்னுதாரணமே இல்லை. கட்டினால் ஒதுக்கீடு ரத்து," என்று சொல்லிவிட்டுக் கீரி போய்விட்டார். போகிற வழியில் பூவரசிலும் நின்று கானமூர்த்தியிடம் ஒரு வார்த்தை சொன்னார். "காக்கை கூடு கட்டாமல் இருக்கக்கூடாது. சீக்கிரம் கட்டுங்கள். மற்ற காக்கைகளுக்குக் கெட்ட உதாரணமாகிவிடும்."

மருதமரத்தில் பொன்னுத்தாய் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். முட்டை அதிக நாள் காத்திருக்காது.

"வீடு கிடைச்சுது, கூடு கட்ட முடியல. பேசாம நான் போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்றான் மாசிலாமணி.

"உங்களுக்கு இந்த உண்மை வியாதி எப்பதான் தீருமோ," என்றாள் பொன்னுத்தாய். பிறகு பூவரசுப் பக்கம் பார்த்தாள். அங்கே வேதவல்லி படிக்கட்டின் கீழே உட்கார்ந்து, பறவை பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கானமூர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தார். பொன்னுத்தாயின் முகம் மெல்ல மலர்ந்தது. "ஏங்க, நாம குயில்தானே?"

"ஆமா."

"குயில் முட்டையை எங்கே போடும்?"

"காக்கைக் கூட்டுலதான்..." என்று ஆரம்பித்த மாசிலாமணி, பூவரசில் இருந்த கானமூர்த்தியைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கீழே போன ரசிகர்கள் நின்று கைதட்டினார்கள்.

மாசிலாமணி பூவரசுக்குப் பறந்தான். "தம்பி, இங்கே இருந்தா இன்னொரு ராப்பொழுதைத் தாண்ட மாட்டே. என் மரத்துக்கு வந்து கட்டிக்கோ. குயில் மனசு வச்சா ஒரு காக்கைக்கு இடம் தரக்கூடாதா?"

கானமூர்த்தி அவன் காலில் விழுந்தார். கீரியைக் கேட்டார்கள். காக்கை கூடு கட்டுவதற்கு முன்னுதாரணம் உண்டு, குயில் சம்மதித்தால் எந்த மரத்திலும் கட்டலாம் என்று சொல்லிவிட்டார். வேதவல்லி மரத்தடி வரைக்கும் கூடவே வந்தாள். வழுவழு மரத்தில் இரண்டு தடவை ஏறப் பார்த்து, இரண்டு தடவையும் சறுக்கி, பைனாகுலரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

கானமூர்த்திக்குக் கூடு கட்டத் தெரியவில்லை. ஒரு குச்சியை வைப்பார், ஓர் ஆலாபனை செய்வார், குச்சி விழும்.

"துடைப்பக்குச்சியை அடியில வையி," என்பான் மாசிலாமணி மேல்கிளையிலிருந்து. "கம்பித்துண்டு இருந்தா வளைச்சுக் கொடு. ஏய், பாட்டை நிறுத்திட்டு வேலையைப் பாரு!"

ஒரு வழியாகக் கூடு முடிந்தது. பெண்குயிலுக்கும் முட்டையிடும் நாள் வந்தது. அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். காக்கைக் கூட்டைத் தேடிப்பிடித்து, இலைக்குள் ஒளிந்துகொண்டு, கூட்டுக்காரி எப்போது வெளியே போவாள் என்று காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே காக்கைக் கூடு அவளுடையதுதான். இருந்தாலும் வழக்கத்தை விட முடியுமா? பக்கத்துக் கிளையில் ஒளிந்துகொண்டு கூட்டுக்காரி வருகிறாளா என்று பார்த்தாள். கூட்டுக்காரி வரவே இல்லை. எப்படி வருவாள், இவள்தான் இங்கே ஒளிந்திருக்கிறாளே. 'இவ்வளவு பொறுப்பில்லாதவளா ஒருத்தி' என்று முணுமுணுத்தாள்.

அவள் எதிர்க்கிளைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பொன்னுத்தாய் நிதானமாக வந்தாள். முட்டைகளைப் போட்டாள். கூட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பிறகு பெண்குயில் ஓடிவந்து தன் முட்டையையும் போட்டாள். "நல்லா ஏமாந்தாங்க!" என்று சிரித்தபடி, வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் பறந்துபோய்விட்டாள்.

கானமூர்த்தி மட்டும் உட்கார்ந்து அடைகாத்தார். மனம் கேட்காமல் விடியற்காலையில் ஒரு தடவை நெஞ்சு உருகக் கூவினார். கீழேயிருந்து கல் வந்தது. "அந்தக் காக்கையை யாராவது அடக்குங்களேன்! குயில் பாடுவது கேட்கவில்லை!"

வசந்த விழா நடந்தது. மாசிலாமணி உச்சிக்கிளையில் நின்று கத்து கத்தென்று கத்தினான். கரடி தேம்பி அழுதார். இத்தனை நாளாகப் பசியோடு ஒரே கூட்டைப் பார்த்துக்கொண்டு, அதைத் தொடாமலேயே இருந்த வேதவல்லிக்கு, காட்டின் தலைசிறந்த பறவை ஆர்வலர் என்று மாலை போட்டார்கள். அவள் மாலையிலிருந்த பூவைத் தின்று பார்த்தாள்.

குஞ்சுகள் பொரிந்தன. ஒன்று கூட வீணாகவில்லை. காலையிலிருந்து மாலை வரைக்கும் கூடு முழுக்க, திறந்த வாய்கள். கானமூர்த்தி புழு தேடித் தேடி இளைத்துப் போனார். ஒருநாள் மூச்சு வாங்க வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து, குஞ்சுகளை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, தப்பாக நினைக்கக்கூடாது," என்றார் மேல்கிளையைப் பார்த்து. "இதுகளில் பாதி என் ஜாடையாகவே இல்லையே?"

மாசிலாமணி மருதமரத்துத் தளிர்க்காற்றில் இறக்கையை ஒரு தடவை கோதிவிட்டுக்கொண்டான்.

"நானும் உன்னைப் பார்த்து அதேதான் நினைச்சேன்டா," என்றான். "பேசாம ஊட்டு."

நீதி: காக்கையாக இருப்பதில் தப்பே இல்லை. யாரும் கேட்காதபோது அதைச் சொல்லிவிடுவதுதான் தப்பு.